மயான வாசலில் ஒரு பூக்கடை

“பிறர் சாவிலே பிழைக்கிறான்” என்பது எம்மவர் வாயிற் பிறக்கும் வசைகளுள் மிகக் கொடியதொன்று. இவ்வசை புதியதன்று, எமது நாட்டுக்கு மட்டும் உரியதுமன்று. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரசியல்வாதியான டெமடீஸ் என்பவன், ஈமச் சடங்குக்கு வேண்டிய பொருள்களை விற்ற ஒருவனுக்குத் தண்டனை பெற்றுக் கொடுத்தான். அவ்வணிகன் பெரும் இலாபத்தை விரும்பினான். பலர் சாகாமல் அவ்விலாபம் கிட்டாது. ஆகவே அவன் பலருடைய சாவை விரும்பினான் என்பதே வாதம். இக்கதையை எடுத்துரைக்கும் உரோமாபுரித் தத்துவஞானி செனெக்கா, அத்தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் பலருக்கு விற்க விரும்பினானா, அன்றிச் சிலருக்கே விலை கூட்டி விற்க விரும்பினானா என்பதை யார் கண்டார்? அவனைத் தண்டிப்பதாயின் போரை எதிர்நோக்கும் படைவீரனையும், தானியம் விலையேறுவதை எதிர்நோக்கும் உழவனையும், நோய் மலிந்த ஆண்டை எதிர்நோக்கும் மருத்துவனையும் விட்டுவைப்பது எங்ஙனம்? பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சிலே மொன்டேன் இதே கதையை எடுத்து, ஒருவன் பெறும் இலாபம் மற்றொருவன் அடையும் நட்டமே என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார்.

ஏதென்ஸ் நகரத்து வழக்கை இன்று நாம் கிளறுவதற்குக் காரணம் உண்டு. கொழும்பிலே, பொறளைக் கனத்தை மயானத்துக்கு அண்மையில் வாழும் ஒரு பெண்ணை நாம் அறிவோம். கணவன் இறந்துவிட்டான், பிள்ளைகள் படிக்கிறார்கள். 1866ஆம் ஆண்டு தொடக்கம் இந்நகரத்துப் பல மதத்தாரையும் ஏற்றுவரும் அம்மயானத்தின் மதிலோரமாக இரண்டு பெட்டிகள் வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, ஒரு வாளி தண்ணீரில் செவ்வந்தியும் அந்தூரியமும் வைத்து விற்கலாம் என்று அவள் எண்ணினாள். முதலுக்குக் கையிலிருந்த காப்பு போதும். தடுத்தது முதலன்று, ஊரிலிருந்து வந்த உறவினர் கேட்ட கேள்வி. “சவத்திலே உழைச்ச காசிலோ பிள்ளையளுக்குச் சோறு போடப் போறாய்?” என்றார்கள்.

இக்கேள்விக்குப் பின்னால் நிற்பது டெமடீசின் தருக்கமன்று. யாழ்ப்பாணத்துச் சைவ வழக்கில் சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. காடாற்றிய பின் ஆண்களும் அங்கே பூவோடு போய் நிற்பதில்லை. வீட்டிலே படத்துக்கு மாலை சூட்டுவார்கள். கோயிலிலே மோட்ச அருச்சனை செய்வார்கள். எரித்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே மயான வாசலிற் கடை என்பதே அவர்களுக்குப் புரியாத ஒன்று. அதைவிட ஆழமான காரணம் வேறு. இறந்த வீட்டுக்கு நிலபாவாடை விரித்தவர், பறை முழக்கியவர், மயிர் மழித்தவர், விறகு அடுக்கியவர் ஆகிய எல்லோரையும் எமது சமூகம் கட்டாயம் அழைத்தது. அழைத்த அதே காரணத்துக்காக அவர்களைத் தள்ளியும் வைத்தது. சாவு வீட்டாரின் துடக்கு முப்பத்தொரு நாளிற் கழிந்தது. சாவு வீட்டுக்கு ஊழியம் செய்தவரின் துடக்கோ தலைமுறை தலைமுறையாகக் கழியவில்லை. “சவத்திலே உழைத்த காசு” என்ற சொல்லுக்கு இந்த வரலாறு உண்டு. அறத்தின் குரல்போல ஒலிக்கும் அச்சொல் உண்மையிற் சாதியின் குரலே.

எனினும் சாதியின் குரல் என்று காட்டிவிட்டதனால் அறக்கேள்வி முடிந்துவிட்டதென நாம் கொள்ளக் கூடாது. டெமடீசின் வாதம் அப்படியே நிற்கிறது. அதனினும் நுட்பமான வாதமொன்றைச் சீனத்து மென்சியஸ் வைத்தார். அம்பு செய்பவன் கவச காரனைவிட இயல்பாகவே கொடியவனா? இல்லை. ஆயினும் தன் அம்பு எவரையும் காயப்படுத்தாது போய்விடுமோ என்று முன்னவன் அஞ்சுகிறான். காயம் பட்டுவிடுமோ என்று பின்னவன் அஞ்சுகிறான். நோய் தீர்ப்பவனுக்கும் சவப்பெட்டி செய்யும் தச்சனுக்கும் இடையிலும் இதே வேறுபாடு உண்டு. ஆகையாற் தொழிலைத் தேர்வதிற் கவனம் வேண்டும் என்கிறார் அவர். மனம் தொழிலை ஆக்குவதுபோலத் தொழிலும் மனத்தை ஆக்குகிறது என்ற இவ்வுண்மையைப் பொருள்முதல்வாதிகளாகிய நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அப்படியாயின் பூக்காரியின் மனம் காலையில் எதை விரும்புகிறது? அம்பு செய்பவனுக்கு அம்பு பாய வேண்டும். பூ விற்பவளுக்கோ சாவு மட்டும் போதாது. ஆயிரம் பேர் இறந்தாலும் அவர்களை நினைப்பார் இல்லையெனில் அவள் வாளியிற் பூ வாடும். அவளுடைய வாடிக்கைக்காரருள் பெரும் பங்கினர் அன்றைய பிணத்தோடு வருபவர் அல்லர். பத்து ஆண்டுக்கு முன் புதைத்த தாய்க்காக நவம்பர் 2ஆம் திகதி மெழுகுதிரியோடு வரும் கத்தோலிக்கரும், ஆண்டு நினைவுக்கு வருபவருமே. அவளுக்கு வேண்டியது சாவன்று, மறவாமை. பேரழிவு வந்தால் மறவாமைக்கும் இடமிராது. புறநானூற்றின் 293ஆம் பாட்டை எமது மாணவர் பலர் வீரப்பாட்டு என்று மட்டுமே படித்திருப்பார்கள். போர்ப்பறை கேட்டு ஆடவர் எழுகின்றனர். இனி இவ்வீட்டிற் பூச் சூடுவார் இல்லை. பூ விற்பவள் வேறு மனை தேடிப் போகவேண்டுமே, இரங்கத்தக்கவள் என்று ஒருத்தி எண்ணுகிறாள். நொச்சி நியமங்கிழாரின் கண் அத்தனை ஆரவாரத்திடையே ஒரு சிறு வணிகத்தின் வீழ்ச்சியிற் பதிந்தது எமக்கு வியப்பூட்டுகிறது. போர் வந்தால் முதலில் நட்டமடைபவள் அவளே.

சாவை முதலாக வைத்து வாணிபம் செய்தவரை அதே கனத்தை வாசலிலே நாடு கண்டிருக்கிறது. 1983 ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியிற் கொல்லப்பட்ட 13 படையினரை மறுநாள் அங்கு அடக்கம் செய்ய ஏற்பாடாயிற்று. உடல்களுக்காகக் காத்திருந்த கூட்டத்திலிருந்து புறப்பட்டவர்கள் பொறளையிலே தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தனர். அடுத்த நாள்களில் அத்தீ நாடெங்கும் பரவியது. இறந்த இளைஞர் பதின்மூவரின் துயரத்தை எடுத்துப் பன்மடங்கு சாவாக்கியவர்களை எவரும் “சாவிற் பிழைத்தவர்” என்று ஏசியதாக நாம் கேட்டதில்லை. 2020 டிசம்பரில், கோவிட் தொற்றென்று கூறி இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலைப் பெற்றோரின் சம்மதமின்றி அரசு எரித்ததும் இம்மயானத்திலேதான். அதன்பின் அவ்வேலியிலே மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினர், அவை அகற்றப்பட்டன, மீண்டும் கட்டினர். கட்டாய எரிப்பு 2021 பெப்ரவரியிலேதான் கைவிடப்பட்டது. இவற்றோடு வைத்துப் பார்க்கையில் மதிலோரத்துப் பலகைக்காரி மேல் வீசும் வசை எவ்வளவு கோழைத்தனமானது!

ஆயினும் அவளுக்கும் ஓர் அறச்சிக்கல் உண்டு. அது சாவில் இல்லை, விலையில் இருக்கிறது. சந்தையிலே கத்தரிக்காய் வாங்குபவன் பேரம் பேசுவான். விலை ஒவ்வாவிடின் அடுத்த கடைக்குப் போவான். இருவரும் இசைந்த விலையே நேர்மையான விலை என்ற பொருளாதாரப் பாடம் அங்கே ஓரளவு செல்லும். மயான வாசலிற் செல்லாது. அழுத கண்ணோடு வருபவன் மலர்வளையத்துக்கு விலை குறைக்கக் கேட்பானா? கேட்டால் இறந்தவரிடமே கஞ்சத்தனம் காட்டியதாக அவன் மனமே அவனைக் குத்தும். பக்கத்தில் நிற்கும் மைத்துனன் என்ன நினைப்பான் என்ற அச்சம் வேறு. ஏழைத் தொழிலாளி கடன் பட்டுப் பெரிய வளையம் வைப்பதும், செல்வர் தம் நிறுவனத்தின் பெயரை வளையத்திற் பொறித்து வைப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள். அவ்வேளையில் அவன் எந்த விலைக்கும் இசைவான். அந்த இசைவு இசைவே அன்று.

திருக்குறள் நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதியில் வணிகருக்கு ஓர் அளவுகோல் தருகிறது: பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணிச் செய்வதே வாணிகம் என்று. இப்பெண்ணுக்கு அதை விளக்கத் தேவையில்லை. தன் கணவனுக்கு வளையம் வாங்கிய நாளை அவள் மறக்கவில்லை. அவளுக்குத் தடையாக இருப்பது வேறு. மொத்த வியாபாரி நவம்பர் முதலாந் திகதியே விலையை ஏற்றிவிடுகிறான். முதல் போதாமல் வாங்கிய கடனுக்கு நாள் வட்டி உண்டு. நடைபாதையில் இருக்க விடுவார்களா, பலகையைத் தூக்கி எறிவார்களா என்ற பயம் தினமும் உண்டு. மாலைக்குள் விற்காத பூ குப்பை. இவ்வளவையும் தோளிற் சுமப்பவளிடம் மட்டும் நீதி விலையை எதிர்பார்த்து, அவளுக்கு மேலே இருப்பவரிடம் எதையும் கேளாமல் விடுவது அறவுரையன்று, பம்மாத்து.

இதை வகுப்பிற் கூறியபோது ஒரு மாணவன் எழுந்து, “அப்படியெண்டால் குற்றம் முழுவதும் அமைப்புடையதுதானே, சேர்?” என்றான். பாதி சரி. நாள் வட்டிக்காரனை ஒழிக்கப் பலர் கூடவேண்டும். கூட்டுறவுச் சங்கம் வேண்டும். நடைபாதை வியாபாரிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் இவையெல்லாம் வருவதற்கு முன், இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, நூறு ரூபாவை மடித்துப் பிடித்தபடி ஒரு கிழவன் பலகைக்கு முன்னால் நிற்கிறான். அவனுக்கு அமைப்பு பதில் சொல்லாது, அவள்தான் சொல்லவேண்டும்.

அவள் கடையைத் தொடங்கிவிட்டாள். விலையை ஒரு மட்டையில் மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள். முகத்தைப் பார்த்து விலை சொல்லும் சோதனை தனக்கு வராதிருக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னாள். அடக்கம் முடிந்த சில நாளில், காய்ந்து கிடக்கும் வளையங்களிலிருந்து மூங்கில் வட்டங்களைக் காவலாளியிடம் கேட்டு எடுத்துக்கொள்கிறாள். வட்டத்தை எடுக்கலாமென்றால் வாடாத பூவையும் எடுத்து மறுநாள் விற்றால் என்ன, இறந்தவருக்கு நட்டமில்லையே என்று அதே மாணவன் கேட்டான். வட்டத்தைப் புதிதென்று எவரும் நம்பி வாங்குவதில்லை. பூவை நம்பித்தான் வாங்குகிறார்கள் என்றோம். அவனுக்கு அது போதவில்லை. அடுத்த வாரமும் அதைப் பற்றியே பேசினோம்.