கூலி என்னும் பெயரும் வாடா என்னும் அழைப்பும்

ஒரு மனிதனைக் கையால் அடிப்பது குற்றம் என்பதை மறுப்பார் இன்று எவருமிலர். ஆனால் வயதில் மூத்த ஒருவரை ‘வாடா’ என்று அழைப்பது குற்றமா, வெறும் பழக்கமா என்று கேட்டால், நம்மவரிற் பலர் சிரித்துவிட்டு அப்பாற் போய்விடுவர். அந்தச் சிரிப்பைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராயக் கருதுகிறோம்.

1909ஆம் ஆண்டில் ஜொகூர் இரயில் பாதை முடிவுற்றது. அதன் பின்னர் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் முதலிய இடங்களைச் சுற்றிக் காடுகள் அழிந்து கித்தாத் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்குக் கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட தமிழர், ஊரில் தமக்கிருந்த பெயரைக் கப்பலிலேயே விட்டு இறங்கினர் போலும்! இறங்கியவுடன் அவர்க்கு வழங்கிய பெயர் ‘கூலி’ என்பதே.

இச்சொல்லின் கதை கவனிக்கத்தக்கது. தமிழிற் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். அதனைப் பெறுபவனைக் கூலியாள் என்கிறோம், கூலிக்காரன் என்கிறோம். இரண்டிலும் ஆள் நிற்கிறான். ஆங்கிலத்திலும் மலாயிலும் வழங்கிய சொல்லிலோ ஊதியம் மட்டுமே எஞ்சிற்று. ஆள் உதிர்ந்து போனான். (ஆங்கிலச் சொல் குஜராத்திலுள்ள கோலி என்னும் வகுப்பாரின் பெயரினின்று பிறந்தது எனக் கூறும் அறிஞரும் உளர். அஃதெவ்வாறாயினும், தமிழன் காதில் விழுந்தது அவன் வாங்கும் காசின் பெயர்தான்.) காசின் பெயரால் ஒருவனை அழைக்கப் பழகியபின், அவனைக் காசு போலவே எண்ணிக் கணக்கெழுதுவது எளிதாகி விடுகிறது. இலங்கைத் தோட்டத் துரைமார் நம் மொழியைப் பயிலுதற்கு வெளிவந்த கைந்நூல் ஒன்றின் தலைப்பே ‘கூலித் தமிழ்’ என்பதாகும். ஆளை விட்டு மொழிக்கும் அப்பெயர் தொற்றிக்கொண்டது.

‘தம்பி’ என்னும் சொல்லுக்கு இந்நாட்டில் நேர்ந்த கதியும் இத்தகையதே. வெள்ளையர் அலுவலகங்களிற் கடிதம் சுமந்து திரிந்த ஏவலாளுக்குத் ‘தம்பி’ என்பது உத்தியோகப் பெயராயிற்று. நரைத்த தலையினரும் இருபது வயதுத் துரைக்குத் தம்பியே! உடன்பிறப்பைக் குறிக்கும் சொல், உறவு நீங்கி ஏவல் மட்டும் தங்கிய சொல்லாயிற்று.

நிற்க. அயலார் பிழையை எடுத்துப் பேசுதல் நமக்கு எளிது; தன் முதுகு தனக்குத் தெரியாது. விடியற்காலை இருட்டில் பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்தவர் பெரும்பாலும் துரையல்லர். நம் பேச்சை அறிந்த கிராணியும் கங்காணியுமே. ‘டா’வும் ‘டி’யும் துரைக்குத் தாய்மொழியா? அவருக்கு அவற்றைக் கற்பித்தவர் யாவர் என்று கேட்கிறோம். 2011ஆம் ஆண்டில் ‘இந்தர்லோக்’ என்னும் மலாய் நாவல் பள்ளிப் பாடநூலாக வைக்கப்பட்டபொழுது, அதில் ‘பறையர்’ என்னும் சாதிப்பெயர் ஆளப்பட்டிருந்தது கண்டு நம் சமூகம் கொதித்தெழுந்தது. நூலும் பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது. கொதித்தது நியாயமே. ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரை முதன்முதல் வசைச்சொல்லாக்கியவர் மலாய்க்காரர் அல்லர். அச்சொல்லைப் பிறர் நூலிற் கண்டு துடித்த நம்மிற் சிலர், தம் வீட்டுத் திருமணப் பேச்சில் ‘அவர்கள் என்ன ஆட்கள்?’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்பதை நாம் அறிவோம். தாழ்த்திய குரலும் ஒருவகைச் சொல்தான்.

இனி, நம் கூற்றை மறுப்பாரும் உளர். “தாய் தன் மகனை வாடா என்கிறாள், நண்பர் இருவர் டா போட்டுப் பேசுகின்றனர், பக்தன் கடவுளையே நீ என்கிறான். இவையெல்லாம் அவமதிப்போ?” என்பர். அல்லவே! ஒருவரைப் பன்மையாற் கூறுவது உலக வழக்கில் வந்த உயர்வுச் சொல்லேயன்றி இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆதலால் ‘நீ’ என்பதில் இயற்கையாக இழிவு ஒன்றும் இல்லை. பின்னர் இழிவு எங்கிருந்து வருகிறது? அச்சொல் திரும்பி வரக்கூடுமா என்பதிலிருந்தே வருகிறது. மகனும் தாயை நீ என்கிறான். நண்பனும் நண்பனை டா என்கிறான். கிராணியின் வாடாவை மட்டும் எவரும் திருப்பிக் கொடுக்க இயலாது. கொடுத்தால் மறுநாள் வேலையிராது. ஒரு பக்கமே செல்லும் சொல்லில் அன்பிருப்பதாகச் சொல்வாரை நாம் நம்புவதற்கில்லை.

“சொல்லை மாற்றினாற் சம்பளம் உயருமா?” என்பது மற்றொரு மறுப்பு. இதற்குரிய விடையை நாம் சொல்லவேண்டுவதில்லை. 1941ஆம் ஆண்டிற் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளரே சொல்லிவிட்டனர். ஆர். எச். நாதன் என்பார் முன்னின்ற அவ்வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளர்க்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்ற கோரிக்கைகளோடு மற்றொன்றும் இருந்தது. மிதிவண்டியிற் செல்லும் தொழிலாளி, துரையையோ தோட்ட அலுவலரையோ கண்டால் இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது. அரைவயிற்றுக்கு உண்டவர்கள், வயிற்றோடு சம்பந்தமில்லாத இதனையும் கூலியோடு ஒரே பட்டியலில் வைத்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குத் தொழிலாளர் சிலர் இரையாயினர். மிதிவண்டியினின்று இறங்குதல் வாயாற் சொல்லாத ‘ஐயா’ என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

இன்று ஜொகூர் பாருவில் உணவுக்கடை வாசலில் நின்று கேட்டால் வேறொரு காட்சி. மலாய் இளைஞன் பரிமாறுவோனை ‘அண்ணே’ என்கிறான். நண்பனை ‘மச்சா’ என்கிறான். யாவரும் யாவரையும் ‘போஸ்’ என்கின்றனர். நம் உறவுச் சொற்கள் பிறர் வாயில் உறவோடே வழங்குவது கேட்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

ஆனால் நம் வீட்டுக் கதை ஒன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தோட்டத்திற் பால்வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவர், வாசல் பெருக்கப் பல்லாண்டாக நம் வீட்டுக்கு வருகிறார். அவர் நம்மை நீங்கள் என்பார். நாம் அவரை நீ என்போம். ஒருநாள் நம் சிறு பிள்ளை அவரை “ஏய், இங்கே வா” என்றழைக்க, நாம் கடிந்துகொண்டோம். “நீங்கள் அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள்?” என்று பிள்ளை கேட்டது. சீர்திருத்தம் பேசி மேடையேறிய நமக்கு அன்று விடை கிடைக்கவில்லை.

மறுநாட் காலை “வாருங்கள் அம்மா” என்றோம். அம்மூதாட்டி, யாரை அழைக்கிறோமென்று பின்னே திரும்பிப் பார்த்தார். சில வாரங்கள் சென்றபின் திரும்பிப் பார்ப்பதை விட்டார். அடுத்த மாதம், சம்பளம் போதவில்லை, கூட்டித் தரவேண்டும் என்று நேரே நின்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் வாய்திறந்து கேட்டது அதுவே முதன்முறை. கொடுத்தோம்.