அசையாத கரடியின் இதயம்

'டிரோன்' எனும் பறக்கும் கருவியால் காட்டுயிர்களைப் படமெடுப்போர், "நாங்கள் விலங்கைத் தொடுவதில்லை, அதுவும் அஞ்சி ஓடுவதில்லை. இதில் இம்சை எங்கே?" என்று வினவுகின்றனர்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கருங்கரடிகளின் உடலில் இதயத்துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி, அவற்றின் மேலே டிரோனைப் பறக்கவிட்டு ஆராய்ந்தனர். முடிவுகள் 2015-இல் வெளியாயின. கரடிகள் பெரும்பாலும் இடம்விட்டு நகரவில்லை. ஆனால் இதயம் விரைந்து துடித்தது. ஒரு கரடிக்கு அது நிமிடத்திற்கு 41-லிருந்து 162 ஆக உயர்ந்தது.

அச்சம் வெளிப்படுமானால் இழப்பு இன்னும் பெரிது. 2021-இல் கலிபோர்னியாவின் போல்சா சிக்கா சரணாலயத்தில் ஒரு டிரோன் விழுந்தது. மிரண்ட ஆலாப் பறவைகள் ஏராளமான முட்டைகளைக் கைவிட்டுப் பறந்துவிட்டன.

அப்படியாயின் இக்கருவியே தீயதா? அன்று. எட்ட முடியாத இடங்களில் கூடுகளை எண்ணவும், காயமுற்ற விலங்கைத் தேடவும் அது உதவுகிறது. ஆயினும் நமது நல்ல நோக்கம் அவ்வுயிரின் அச்சத்தைக் குறைப்பதில்லை. ஆகவே, அதன் நலனுக்கு இன்றியமையாதபோது மட்டும், உரிய அனுமதியுடன், இயன்றவரை விலகி நின்று பயன்படுத்துவதே முறை. வெறும் அழகுக்காகவும் பாராட்டுக்காகவும் அத்துடிப்பை உயர்த்த நமக்கு உரிமையில்லை.

அகிம்சை என்பது தீங்கு நினையாமை மட்டுமன்று. தீங்கு நேருமா என ஆராய்வதும் ஆகும். அறியாமல் செய்ததற்கு மன்னிப்பு உண்டு. கரடியின் இதயம் துடிப்பதை அறிந்தபின், "அது ஓடவில்லையே" என்பது விடையாகாது. வாய்திறவாமல் நம்மைப் பொறுத்துக்கொள்ளும் மனிதர்களிடத்தும் இவ்வுண்மையே பொருந்தும்.