மருந்து வைக்கும் கை

பெருச்சாளியைக் கொல்லலாமா என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கிறது. செடியை அழிக்கிறது, கொல்லத்தான் வேண்டும் என்பார்கள் சிலர். அதுவும் உயிர்தானே, பிள்ளையாரின் வாகனம் வேறு, விட்டுவிடு என்பார்கள் வேறு சிலர். இரண்டு பதில்களும் ஒரே கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. கொல்வதென்றால் யார் கொல்வது? விட்டுவிடுவதென்றால் அந்த நட்டத்தை யார் சுமப்பது?

ஒட்டன்சத்திரத்தை வெளியூர்க்காரர்கள் காய்கறிச் சந்தையாகத்தான் அறிவார்கள். பழனி மலையடிவாரத்துத் தக்காளியும் முருங்கையும் வெங்காயமும் இங்கிருந்து லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. சந்தைக் கணக்கில் ஏறாத இன்னொரு வெள்ளாமை வீடுகளுக்குப் பின்னால் நடக்கிறது. நாலு கத்திரிச்செடி, ஓர் அவரைப் பந்தல், இரண்டு வாழை, கொஞ்சம் சர்க்கரைவள்ளிக்கொடி, ஒரு கோழிக்கூண்டு. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திருப்பிவிட்டுப் பெரும்பாலும் பெண்கள் வளர்ப்பது. இதை யாரும் வருமானம் என்று சொல்வதில்லை. ஆனால் மாதக் கடைசியில் குழம்பில் கிடப்பது இதுதான்.

பெருச்சாளி வளை தோண்டுவதும் இந்த மண்ணில்தான். தெலுங்கில் அதற்குப் பந்திக்கொக்கு என்று பெயர். பன்றி எலி என்று பொருள். ஆங்கிலேயர்கள் அதைத்தான் பேண்டிகூட் ஆக்கிக்கொண்டார்கள். பொருத்தமான பெயர். இரவில் வந்து பன்றியைப் போல மண்ணைக் கிளறிப் போடும். வேரையும் கிழங்கையும் அடியிலிருந்தே தின்றுவிடும். காலையில் வாடி நிற்கும் செடியைத் தொட்டால் கையோடு வந்துவிடும். சுவரோரம் குடைந்தால் கடைக்காலும் ஆட்டம் காணும். ஆகவே இந்தக் கோபம் நியாயமானது. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியவளின் கோபத்தை ஜீவகாருண்யம் பேசி அடக்கிவிட முடியாது.

அந்தக் கோபத்துக்கு வீடு தரும் பதிலின் இலக்கணத்தைப் பாருங்கள். “ஏ புள்ள, மருந்து வச்சியா?” “செத்துக் கெடக்குதான்னு பாரு.” “எடுத்துத் தூரப் போடு.” ஒன்று கேள்வி, மற்றவை ஏவல். எல்லாம் ஒருமை. ஏவுகிறவர் பெரும்பாலும் திண்ணையில் இருக்கிறார். கடையில் பொட்டலம் வாங்கிவருவதோடு அவர் பங்கு முடிகிறது. கருவாட்டுத் துண்டிலோ பொரியிலோ அதைப் பிசைவதும், குழந்தையும் கோழியும் வாய் வைக்காமல் காவல் இருப்பதும், நாற்றம் வந்த பிறகு எந்த மூலை என்று தேடுவதும், முறத்தில் அள்ளுவதும் அவள் வேலை. மாதவிலக்கு நாளில் பூஜையறைக்குள் வராதே என்று தள்ளி வைக்கும் அதே வீடு, செத்த பெருச்சாளியை அள்ளும்போது மட்டும் தீட்டு பார்ப்பதில்லை.

விஷத்தை நாம் மருந்து என்று அழைப்பதிலும் ஒரு வசதி இருக்கிறது. மருந்து வைத்தவர் கொன்றவர் ஆவதில்லை. சிங்க் பாஸ்பைடு என்ற கருப்புத் தூள் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து விஷவாயுவாக மாறுகிறது; சாவு வளைக்குள்ளே நடந்துவிடும். இரத்தம் உறையாமல் செய்யும் வில்லைகள் கொல்ல பல நாள் எடுத்துக்கொள்கின்றன. தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்ற கூகைக்கும் பூனைக்கும் அது போய்ச் சேரலாம். ஒட்டும் அட்டையில் சிக்கியது மணிக்கணக்கில் துடிக்கும். அதனால்தான் இந்திய விலங்குநல வாரியமே அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. முடிவெடுத்தவர் தன் முடிவைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் வந்த விஷம் பெருச்சாளியோடு நிற்பதும் இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது செடிகளுக்காக அல்ல, மனித உயிர்களுக்காக. சண்டை நடந்த இரவில், யாரிடமும் சொல்ல முடியாத அவமானத்தில், அடுப்படிப் பரணில் இருப்பது என்ன என்பது ஒரு பெண்ணின் உயிரைத் தீர்மானிக்கிறது. இலங்கை இதைக் கண்டுகொண்டது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாக விலக்கியது. 1995க்கும் 2005க்கும் இடையில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அங்கே துயரம் பாதியாகிவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் சாவு இல்லாததால், அந்த ஒரு இரவைப் பலர் கடந்தார்கள். தோட்டத்துக்கு என்ன மருந்து வாங்குவது என்ற கேள்விக்குள் இதுவும் இருக்கிறது.

வீட்டுப் பெண்ணிடம் தள்ள முடியாதபோது இந்த வேலை சாதியிடம் தள்ளப்படுகிறது. வட தமிழகத்தில் வயல் எலி பிடிப்பது இருளர்களின் தொழில். வளையின் மற்ற வாய்களை அடைத்து, ஒரு வாயில் புகைப்பானையை வைத்து, அதன் ஓட்டையில் வாயால் ஊதுவார்கள். அந்தப் புகை அவர்களுடைய நெஞ்சுக்குள்ளும் போகும். வளைக்குள் எலி சேர்த்த நெல்லும் அவர்கள் கூலியில் ஒரு பங்கு. நெல்லைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு ஊர் கொடுத்த பட்டம், எலி தின்கிறவர்கள். கொலையின் பலன் ஒருவருக்கு, அதன் இழிவு இன்னொருவருக்கு. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் கறி விற்பவரோடு நிற்காமல் வாங்குபவரையும் கணக்கில் சேர்க்கிறது. நம் வீடுகள் அந்தக் கணக்கைப் பெருச்சாளி வரை கொண்டுவரவில்லை.

சரி, கொல்லாமலே விட்டுவிடலாமா? இங்கேயும் கவனம் தேவை. “பாவம், விடும்மா” என்பவர் மறுநாள் புதுக்கன்று நடுவதில்லை. கருணைக்கான செலவும் அவள் உழைப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. கூண்டில் பிடித்து ஊர்க்கோடியில் விடுவதை அகிம்சை என்று சொல்லிக்கொள்வதும் நம்மிடம் உண்டு. ஊர்க்கோடி வெற்றிடமா என்ன? அங்கே காலனி இருக்கிறது. அங்கும் ஒருத்தி அவரைப் பந்தல் போட்டிருக்கிறாள்.

ஆகவே நான் கேட்பது பெருச்சாளிக்கு மன்னிப்பு அல்ல. முடிவெடுப்பவரே அதைச் செய்ய வேண்டும், செய்வதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே. பார்க்கச் சகிக்காத வழியை இன்னொருவர் கைக்குக் கொடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இப்படி யோசித்தால் வழிமுறைகளின் வரிசையே மாறிவிடும். முதலில் விறகுக் குவியலையும் காய்ந்த மட்டைகளையும் சுவரோரத்திலிருந்து அகற்றுவது, கோழித்தீவனத்தை இரவில் மூடி வைப்பது. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டுக் காலையில் எது திறந்திருக்கிறது என்று பார்ப்பது. திறந்தது மட்டுமே ஆள் இருக்கும் வளை. கிழங்குப் பாத்தியின் அடியில் கம்பிவலை பதிப்பது. இத்தனையும் போதாதபோது கூண்டு அல்லது கிட்டி. அதன் பிறகும் கொல்ல நேர்ந்தால், விரைவாக, கண் முன்னால்.

இந்தப் பட்டியலில் ஒரு கண்ணி இருக்கிறது. விஷத்தைவிட இதில் வேலை அதிகம். அந்த வேலையும் அவள் தலையிலேயே விழுமானால், நல்ல அறம் என்ற பெயரில் இன்னொரு சுமையைத்தான் ஏற்றியிருப்போம். கம்பிவலைக்குக் குழி தோண்டத் திண்ணையில் இருப்பவருக்கும் கை இருக்கிறது. விடியற்காலையில் கூண்டைத் திறந்து பார்க்கக் கண்ணும் இருக்கிறது. அந்தச் சிறிய கருப்புக் கண்கள் திருப்பிப் பார்ப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் சொல்லட்டும், கொல்லலாமா வேண்டாமா என்று. எந்தப் பதிலானாலும் அது அவருடைய பதிலாக இருக்கும். இதுவரை அந்தக் கேள்விக்கு நாம் முறத்தோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.