தரம் குறிக்கப்பட்ட மண்

வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு நிலத்திற்கும் எதிரே 'மண் வயனமும் ரகமும்' என்றொரு கட்டம் உண்டு. அதையடுத்துத் 'தரம்', பின்னர்த் 'தீர்வை'. ஆங்கிலேயர் காலத்து நிலவரித் திட்டம் வகுத்துத் தந்த முறை இது. எந்த நிலத்திலிருந்து எவ்வளவு வரி பெறலாம் என்று கணிப்பதற்காக மண்ணைக் களி என்றும் மணல் என்றும் பிரித்து எண்ணிட்டு வைத்தனர். வரி விதிக்க அது போதுமான அளவுகோல்தான். ஆயினும் அந்த எண் காலப்போக்கில் பதிவேட்டைவிட்டு வெளியேறி நம் மனத்திற்குள் குடியேறிவிட்டது. 'நல்ல பூமி' என்கிறோம்; 'ஒன்றுக்கும் உதவாத பூமி' என்கிறோம். ஒரு மண்ணைப் பாழ் என்று தீர்ப்பிட நமக்குள்ள உரிமை யாது?

தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில் மூவகை மண் அருகருகே கிடக்கிறது. வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். தெற்கே ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வழியே தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல். அதற்கும் தெற்கே, சாத்தான்குளத்திற்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட பரப்பில், செக்கச் சிவந்த தேரி. வண்டலைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெல்லும் வாழையும் ஆத்தூர் வெற்றிலையும் அதன் பெருமையைத் தாமே பேசிக்கொள்ளும்.

கரிசலின் கதை வேறு. கோடையில் அது பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். மழை பெய்தாலோ உப்பிக் களியாகி, கால் வைத்தவரைப் பிடித்து இழுக்கும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இரு கோலமும் பிடிப்பதில்லை. ஆனால் அந்த வெடிப்புகள்தாம் முதல் மழையை ஆழத்திற்கு இறக்கும் வாய்க்கால்கள். அந்தக் களிதான் இறங்கிய நீரைப் பூட்டிவைக்கும் களஞ்சியம். ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழையே காணும் இம்மாவட்டத்தில், அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் மண்ணுக்குள் தங்கிய ஈரத்தையும் பனியையும் கொண்டே கம்பும் சோளமும் உளுந்தும் மல்லியும் பருத்தியும் விளைந்துவிடுகின்றன. கருங்கண்ணிப் பருத்தி இம்மண்ணுக்கென்றே அமைந்ததுபோல் நெடுங்காலம் விளைந்தது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் எழுத்து தமிழுக்கு வாய்த்ததும் இந்தக் கரிசலினால்தான்.

தேரியோ இவை எதிலும் சேராது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல் அது. இரும்புத் துரு படிந்து சிவந்தது. ஆடிக் காற்றில் மேடுகள் இடம் மாறும். நீர் நிற்காது; சத்தும் குறைவு. பதிவேட்டுக்காரர் இதற்குக் கடைசித் தரம் கொடுத்ததில் வியப்பில்லை. ஆனால் நிற்காமல் இறங்கும் அந்த நீர் எங்கே போகிறது? அடியில் தங்கி, தேரியின் ஓரங்களில் சுனையாகக் கசிகிறது. இங்கே கிடைத்த நுண்கற்கருவிகள், உழவு அறியாத காலத்திலேயே மனிதர் இம்மணலில் வாழ்ந்ததற்குச் சான்று. பனையின் சல்லிவேர்கள் மணலை இறுகப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. அம்மரம் பதநீரும் நுங்கும் கிழங்கும் ஓலையும் நாரும் தருகிறது. உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கி விற்கும் நிலவாகை இலையும் வளங்குன்றிய மானாவாரி நிலங்களில் விளைவதே.

விதைப்பவர் உவமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் நிலம் நான்கு வகை, விதை ஒன்றே. உவமை மனித மனத்தைப் பேசுவதால் அங்கே அது முற்றிலும் பொருந்துகிறது. உழவில் அப்படியன்று. விதைகள் பல. நெல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேரியைப் பார்த்தால் அது பாழ்தான். பனங்கொட்டையோடு சேற்று வயலுக்குப் போகிறவருக்கு அந்த வயலும் அவ்வளவு சிறந்ததாய்த் தோன்றாது. புறநானூற்றின் 187ஆம் பாடலில் ஔவையார் நிலத்தின் நன்மையை அங்கு வாழும் ஆடவரின் நன்மையில் வைத்தார். பெரும் வாக்குதான். எனினும் மண்ணுக்கென்று தனி நன்மை எதையும் அது விட்டுவைக்கவில்லையே என்று நமக்குத் தோன்றுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பாழ் என்று பெயரிட்ட பின் எதையும் செய்யலாம் என்றாகிவிடுகிறது. வறண்ட நிலத்தில் விறகாவது கிடைக்கட்டும் என்று பரப்பிய சீமைக்கருவேலம், கண்மாய்களையும் கரிசல் புஞ்சைகளையும் விழுங்கியது. பனைகள் செங்கற் சூளைக்குப் போயின. 2007இல் சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரி மணலிலிருந்து டைட்டானியம் எடுக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்தவர்கள் எதிர்த்தனர், திட்டம் நடைபெறவில்லை. மற்றவர்க்கு வெறும் மணலாய்த் தெரிந்தது அவர்களுக்கு வீடும் தோப்புமாய் இருந்தது.

ஆயினும் நெற்சோறு உண்டு, நிழலில் அமர்ந்து பனையைப் புகழ்வது எளிது என்பதையும் மறத்தலாகாது. நாள்தோறும் பல மரங்கள் ஏறி இறங்குபவரின் நெஞ்சில் காய்த்துப்போன தழும்பு நம் நெஞ்சில் இல்லை. அவர் மகன் பாளை அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நகரத்திற்குப் போனால், மண்ணைக் கைவிட்டான் என்று அவனைக் குறை கூற நமக்கு வாயில்லை. மண்ணைப் பாழ் என்னாதிருப்பது வேறு. அதன் பாரத்தை ஒரு சாராரின் தோளிலேயே ஏற்றிவைப்பது வேறு.

2023 டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு, வாழைகளைச் சாய்த்து, உயர்ந்த தரம் குறிக்கப்பட்ட நஞ்சைகள் சிலவற்றின்மேல் மணலைக் கொட்டிச் சென்றது. பதிவேட்டில் எண் அப்படியே இருக்க, வயல் மணல்மேடாயிற்று.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. அதன்பின் பல ஊர்களில் குளக்கரைகளிலும் தரிசுகளிலும் பனங்கொட்டைகளை ஊன்றி வருகின்றனர். முளைத்தவற்றில் இன்னும் அடிமரம் தெரியவில்லை. மண்ணைப் பிளந்து சில ஓலைகள் மட்டுமே நிற்கின்றன. பாளைவிடப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகலாம்.