கண்டெடுப்பதற்கென ஒளித்தல்

ஒளித்து வைத்தலும் பொய் சொல்லுதலும் உடன்பிறந்தவை என்று எண்ணுவது நம் வழக்கம். திருடியவன் ஒளிக்கிறான், வரி கட்ட மனமில்லாதவன் ஒளிக்கிறான், குற்றமுள்ள நெஞ்சு தன்னையே ஒளித்துக்கொள்கிறது. மறைவில் நடப்பது எதுவாயினும் அதன்மீது ஐயம் கொள்ளவே நாம் பழகியிருக்கிறோம். ஆனால், பிறர் கண்டெடுக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் ஒருவர் ஒரு பொருளை ஒளித்தால், அச்செயலை எதனோடு சேர்ப்பது? இக்கேள்வியை எனக்குள் எழுப்பியது தத்துவ நூல் எதுவுமன்று. ஜியோகேச்சிங் என்னும் ஒரு விளையாட்டு.

அது பிறந்த வரலாறே சிந்தனைக்குரியது. செயற்கைக்கோள்களின் துணையால் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். முறையை உருவாக்கியது அமெரிக்கப் படைத்துறை. பொதுமக்களுக்கு எட்டிய அலைகளில் அந்நாட்டு அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. கருவி காட்டும் இடம் ஏறத்தாழ நூறு மீட்டர் வரை விலகி நிற்கும். 2000-ஆம் ஆண்டு மே முதல் நாள் இரவோடு அப்பிழை நீக்கப்பட்டது. மே 3-ஆம் நாள், ஓரகன் மாநிலத்துப் பீவர்கிரீக் அருகே, டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் பாதி மண்ணில் பதித்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் ஒரு குறிப்பேடு, பென்சில், சில நூல்கள், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ். எதையேனும் எடுத்துக்கொள்ளலாம், எதையேனும் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதே விதி. சில நாள்களுக்குள் முன்பின் அறியாத ஒருவர் அதனைக் கண்டெடுத்தார். (இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், 1854-இலேயே ஒரு வழிகாட்டி குப்பியொன்றை வைத்து, அங்குவரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயரட்டையை அதில் இட்டுச் செல்லும்படி செய்தார். மனிதனுக்கு இவ்வாசை புதிதன்று.) எண்ணில் கலந்திருந்த பொய் அகன்றதும் பிறந்த விளையாட்டு இது என்பதை நாம் மறக்கலாகாது.

ஏனெனில், ஒளிப்பவருக்கு இங்கே அளிக்கப்பட்டுள்ள உரிமை மிகப் பெரிது. உள்ளீடற்ற மரையாணி, செயற்கைக் கல், பறவைக்கூடு போன்ற பெட்டி, காந்தத்தால் இரும்புத் தூணில் ஒட்டிய விரல்நுனி அளவுக் குப்பி என்று கண்ணை எப்படியும் ஏமாற்றலாம். எண்ணை மட்டும் ஏமாற்றுவதற்கில்லை. புதிர் வகை என்று ஒன்று உண்டு. அதில் வெளியிடப்படும் எண் உண்மையான இடத்தைக் காட்டாது. ஆயினும் அது காட்டாது என்பதும், விடுகதையை அவிழ்த்தால்தான் இடம் கிட்டும் என்பதும் முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. மறைத்தலுக்கும் பொய்த்தலுக்கும் இடையிலான கோடு இங்கேதான் ஓடுகிறது எனலாம். மறைப்பவர், “உன் கண்ணுக்குத் தப்பும்படி வைத்திருக்கிறேன், தேடு” என்கிறார். தேடுபவரும் அதற்கு இசைந்தே புறப்படுகிறார். பொய்யர் கேட்பவரின் இசைவைப் பெறுவதில்லை. பெற்றால் அவருடைய பொய் பலிக்காது.

இக்கோடு எவ்வளவு கூரியது என்பதற்கு ஒரு சான்று. ஒவ்வொரு புதையலுக்கும் தேடலின் கடினம், நிலத்தின் கடினம் என இரண்டு அளவுகளை, 1 முதல் 5 வரை, ஒளித்தவரே குறிக்க வேண்டும். நிலத்தின் கடினம் 1 என்றால், சக்கர நாற்காலியில் வருபவரும் அவ்விடத்தை அடையலாம் என்று பொருள். நல்ல கால்களையுடைய ஒருவர், ‘நடந்து போக எளிய இடந்தானே’ என்று எண்ணி 1 என்று போட்டுவிட்டால் என்ன நேரும்? நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு வந்த ஒருவர், பாதையின் முடிவில் மூன்று படிகளைக் கண்டு நின்றுவிடுவார். அந்த 1 என்னும் இலக்கம் அவருக்கு ஒரு வாக்குறுதி. குப்பியை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைத்தாலும் அதில் குற்றமில்லை; இந்த இலக்கத்தில் காட்டும் சிறு அசட்டையோ ஒரு மனிதரை அவமதிக்கிறது. அறிந்து செய்யவில்லை என்பது இங்கே சமாதானமாகாது. அறிந்திருக்க வேண்டியது ஒளிப்பவரின் கடமை.

இனி, செருக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயிரம் கற்கள் அடுக்கிய பழஞ்சுவரில் ஒரு சிறு குப்பியைச் செருகிவிட்டு, எவராலும் முடியவில்லை என்று மகிழ்பவர்கள் உண்டு. அது திறமையன்று என்பது என் கருத்து. தேடுபவர் பொறுமையிழந்து கற்களைப் பிடுங்கத் தொடங்குவார், சுவர் சரியும். நல்ல ஒளிப்பில், கண்டபின் தேடியவர் தம்மையே கடிந்துகொண்டு சிரிக்க வேண்டும்: ‘கண்முன்னே இருந்ததே!’ தோற்கடிப்பதற்காக வைப்பவருக்குத் தேடுபவர் எதிரி. கண்டெடுப்பதற்காக வைப்பவருக்கோ அவர் விருந்தினர். இவ்விருந்தோம்பலின் ஓர் அழகிய வடிவம், இவ்விளையாட்டின் குறிப்புரையில் இருக்கிறது. ஒளித்தவர் தரும் துப்பு, ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதிய எளிய மறைமொழியில் அமையும். சிறுவனும் அதனைப் படித்துவிடலாம். வேண்டாதவரின் கண்ணில் தற்செயலாக விழாதிருப்பதற்கே அந்த மறைப்பு. வேண்டுவோர்க்குக் கதவு திறந்தே இருக்கிறது.

விளையாட்டுக்கு இசைந்தவர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். இசையாதவர்களும் அதே தெருவில்தான் வாழ்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு ஜூலையில், இங்கிலாந்தின் வெதர்பி என்னும் சிற்றூரில், சாலையோரம் ஒருவர் ஒரு சிறு பெட்டியை வைத்து நகர்வதைக் கண்டவர்கள் காவல்துறைக்குச் சொல்ல, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதனை வெடிக்கச் செய்தார்கள். உள்ளே இருந்தது வெறும் விளையாட்டுப் புதையல். வைத்தவரின் மனம் தூயது. ஆயினும் அத்தெருவில் இருந்தவர்களின் அச்சமும் உண்மையானதே. நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கலாகாது, உணவுப்பொருள் வைக்கலாகாது என்னும் விதிகளெல்லாம் இந்த மூன்றாமவரையும், நிலத்தையும், விலங்குகளையும் கருதியே எழுந்தவை. முதல் வாளியே இவ்விதிகளின்படி இன்று நிராகரிக்கப்படும் என்பது வேடிக்கை!

இரு புதையல்களுக்கிடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி. இதனையே அளவுகோலாகக் கொண்டு, நெவாடா பாலைவனச் சாலையொன்றில் 2010-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குப்பிகளை வரிசையாக வைத்தார்கள். எண்ணிக்கை சேர்ப்பவர்களுக்கு அது கொண்டாட்டம். விதி மீறப்படவில்லை; ஆயினும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓர் இடத்தை ஒருவர் தேர்ந்து, ‘இதனை நீ காண வேண்டும்’ என்று அறியாத மனிதரை அங்கே அழைப்பதுதானே ஒளித்தலின் உயிர்? ஆயிரம் முறை அழைப்பவர் எதைத்தான் காட்ட அழைக்கிறார்?

ஒளித்தவர் கண்டெடுப்பின் நேரத்தில் அங்கே இருப்பதில்லை. குப்பியைத் திறப்பவரின் முகத்தை அவர் காண்பதில்லை. தேதியும் பெயருமாக ஒரு வரி மட்டுமே அவருக்கு மிஞ்சுகிறது. அதற்கு ஈடாக அவர் ஏற்கும் பொறுப்போ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மழை புகுந்தால் தாளை மாற்ற வேண்டும். மூடி உடைந்தால் புதிது வைக்க வேண்டும். “கிடைக்கவில்லை” என்ற செய்திகள் பெருகினால் போய்ப் பார்க்க வேண்டும். இயலாமற்போனால் பட்டியலிலிருந்து அதனை நீக்கிவிட்டு, பெட்டியையும் எடுத்துவந்துவிட வேண்டும். பலர் முதற்பாதியைச் செய்து பிற்பாதியை விட்டுவிடுகிறார்கள். அப்போது காட்டில் கிடப்பது புதையலன்று, ஒரு பிளாஸ்டிக் குப்பை. தான் வைத்ததைத் தானே தேடிச்சென்று, ஊறிப்போன குறிப்பேட்டில் முகமறியாதவர்களின் பெயர்களை ஒருமுறை புரட்டிப் பார்த்து, பெட்டியைப் பைக்குள் இட்டுத் திரும்பும் அந்தக் கடைசி நடைக்கு எவரும் அவருக்கு ஒரு வரியும் எழுதப்போவதில்லை.