முதலெழுத்தும் மெய்யுறவும்

ஒத்த தோற்றம் ஒத்த பிறப்புக்குச் சான்றாகுமா? அறிஞர் பெருமக்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் இவ்வினாவை, மாணவரின் புத்தகப்பைக்குள் இருக்கும் இரண்டு பொருள்களைக் கொண்டே நாமும் ஆராயலாம். அவை பேனாவும் பென்சிலும் ஆகும்.

ஆங்கிலத்தில் 'பென்', 'பென்சில்' ஆகிய இரு சொற்களும் அதே மூன்று எழுத்துகளில் தொடங்குகின்றன. இரண்டும் எழுதுகோலையே குறிக்கின்றன. ஆதலின், ஒன்றினின்று மற்றொன்று பிறந்தது என்றே எவரும் எண்ணுவர். உண்மையோ வேறு. 'பென்', இறகு எனப் பொருள்படும் 'பென்னா' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பறவையின் இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதிய காலத்தின் நினைவு அது. நம் 'பேனா'வும் மலாய்மொழியின் 'பெனா'வும் போர்த்துகீசியர் வாயிலாக வந்த அதன் வழித்தோன்றல்களே. 'பென்சில்' என்பதோ தூரிகையைக் குறித்த 'பெனிசில்லுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழியது. 1929இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெயரிட்ட பெனிசிலினே அதற்கு உறவாகும். அதனைத் தரும் பூஞ்சை, நுண்ணோக்கியில் தூரிகைபோல் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது.

இதனினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. இறகைக் குறிக்கும் 'ஃபெதர்' என்னும் ஆங்கிலச் சொல், முதலெழுத்தால் 'பென்' என்பதோடு சிறிதும் ஒவ்வாதது. எனினும், பறத்தலைக் குறித்த ஒரே பண்டை வேரினின்று இரண்டும் கிளைத்தன என்பர் மொழிநூலார். ஒத்திருப்பவை அயலாயின, ஒவ்வாதவை உறவாயின!

அங்ஙனமாயின், முதலெழுத்து பொருளுக்கு வழிகாட்டவே மாட்டாதா? முற்றிலும் அவ்வாறு சொல்வதற்கில்லை. குறட்டை, தும்மல், மோப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் ஸ்னோர், ஸ்னீஸ், ஸ்னிஃப் ஆகிய சொற்கள் யாவும் மூக்கைச் சார்ந்தவை. இத்தகைய இயைபினை ஜான் வாலிஸ் என்பார் 1653இல் வெளியிட்ட தம் ஆங்கில இலக்கண நூலிலேயே ஆராய்ந்துள்ளார். ஆயினும், அதே தொடக்கமுடைய 'ஸ்னோ' பனியையும் 'ஸ்னேக்' பாம்பையும் குறிக்கின்றனவே! தமிழிலும் மரமும் மரணமும் ஒன்றுபோல் தொடங்குகின்றன. முன்னது தமிழ், பின்னது வடசொல். சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்று தொல்காப்பியர் அன்றே உணர்த்தியதன் ஆழம் இங்கே புலனாகிறது.

ஆகவே, ஒப்புமை என்பது வினாவின் தொடக்கமேயன்றித் தீர்ப்பன்று. 'பென்சில், பென்னின் குழந்தை' என்று ஒரு மாணவன் உய்த்துணர்ந்தால், அவனைக் கடிதல் தகாது, 'சான்று யாது?' என வினவி, அகராதியைக் கையில் கொடுத்தலே நன்று. ஊகம் அறிவுக்கு வாயில். ஆயினும், வாயிலே வீடாகிவிடாது.

சொல்லைப் பற்றிய ஊகம் பிழைத்தால் சொல்லுக்கு யாதொரு கேடும் இல்லை. மனிதரைப் பற்றிய ஊகம் பிழைத்தாலோ, அதன் சுமையைத் தாங்குபவர் வேறொருவர். பெயர், நிறம், குடிப்பிறப்பு, பெற்றோரின் தொழில் ஆகியவையெல்லாம் ஒரு குழந்தையின் முதலெழுத்துகளே. 'இவன் அண்ணன் படிக்கவில்லை. இவனும் படியான்' என்று கூறுவோர், மூன்றெழுத்தைக் கண்டு முழுச் சொல்லுக்கும் பொருளுரைப்பவர் ஆவர். தோற்றத்தைக் கடந்து மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் காட்டும் நெறி. சொல்லை இறுதிவரை படிக்கும் பொறுமை, ஆளையும் இறுதிவரை அறியும் அறமாக மலர்தல் வேண்டும். மொழிப்பாடத்தின் தலையாய பயன் அதுவே.