பிள்ளைகளைக் கூப்பிடுவது யார்?

மாணவர்களின் படிப்பைக் கைத்தொலைபேசி கெடுக்கிறது என்ற பேச்சு இப்போது சிங்கப்பூரில் நம்மவர் கூடும் இடமெல்லாம் கேட்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்பதிலேயே தர்க்கம் நின்றுவிடுகிறது. எத்தனை தடவை கூப்பிடுகிறது என்பதையல்லவா முதலில் கணக்கிட வேண்டும்?

கடை வைத்திருப்போருக்கு இது எளிதில் விளங்கும். இரவில் கல்லாப் பணத்தை எண்ணும்போது ஒருவர் வந்து, "பாய், முட்டை இருக்கா?" என்கிறார். பதில் சொல்ல இரண்டு விநாடிதான். ஆனால் எண்ணியது மறந்து போயிற்று. முதலிலிருந்து எண்ண வேண்டும். மாணவன் கணக்குப் போடும்போது மேசைமேல் தொலைபேசி ஒலித்தாலும் இதே கதைதான். கலைந்த கவனம் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

உயர்நிலைப்பள்ளி மாணவர் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலுங்கூட, கைத்தொலைபேசியைப் பயன்படுத்தலாகாது என்பது 2026 ஜனவரி முதல் கல்வி அமைச்சின் விதி. நல்ல காரியம். வீடு திரும்பிய பின் என்ன செய்வது?

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது மனித சுபாவம். கூப்பிட்டவனை விட்டுவிட்டுத் திரும்பியவனைத் தண்டிப்பது நியாயமா? வாடிக்கைக்காரரை மறுபடி வரவழைக்க நாமும் பல யுக்திகள் செய்கிறோம். ஆயினும் எந்த மளிகைக்கடைக்காரனும் வீட்டுக்குள் நுழைந்து, படிக்கிற பிள்ளையின் தோளைத் தட்டுவதில்லை. இந்தச் செயலிக் கம்பெனிகள் அதைத்தான் செய்கின்றன.

கம்பெனிக்காரரை மட்டும் ஏசிப் பயனில்லை. "வரும்போது பால் வாங்கி வா" என்று அத்தா செய்தி அனுப்புகிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமி கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் போடுகிறார். பிள்ளை பதில் போடாவிட்டால், "பெரியவங்க மேலே மரியாதை இல்லை". போட்டால், "எந்நேரமும் போனும் கையும்". இரண்டுக்கும் ஏச்சு வாங்கும் பிள்ளை எந்தப் பக்கம் போகும்?

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே இங்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே கிடைக்கிறது. அந்தப் பொழுதில் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும், அத்தாவுடையது உட்பட, ஒலியடக்கிக் கூடத்து அலமாரியில் இருக்கட்டும். அவசரமென்றால் அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள்.